மார்பகத்தை எடுத்த பின் வயிற்றுத் திசுவால் மீளமைப்பது: சுன்னாகத்துத் தங்கச்சிக்கு ஒரு பதில்

சுன்னாகத்திலிருந்து 44 வயது ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இடது மார்பில் கட்டி. ஊசியால் திசு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர் சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, 'இப்போது ரோபோவால் எடுத்துவிட்டு வயிற்றுச் சதையை வைத்து அதே நாளில் மார்பு செய்கிறார்கள், சென்னைக்குப் போ, காசு நான் அனுப்புகிறேன்' என்கிறார். அம்மாவோ, 'இந்த வயதில் அழகு எதற்கு, உயிர் தப்பினால் போதும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வருத்தம் திரும்பி வந்தால் அந்தச் சதைக்குள் மறைந்து போகாதா? பள்ளிக்கூடத்துக்கு எப்போது திரும்பலாம்?"

தங்கச்சி, நான் வைத்தியர் அல்ல. கொக்குவிலில் பிறந்து, இங்கிலாந்தில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவொன்றில் 19 ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். இந்தச் சத்திரசிகிச்சை முடிந்து வந்த பெண்களின் கட்டிலடியில் விடிய விடிய நின்றிருக்கிறேன். உங்கள் அறிக்கைகளைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் உங்கள் வைத்தியர்கள்தான். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், அவர்கள் சொல்லும் பதிலுக்கு என்ன பொருள் என்பதை நான் சொல்கிறேன்.

அக்கா சொன்னதில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ரோபோ என்பது மார்பகத்தை எடுக்கும் வழி. வயிற்றுத் திசு என்பது மார்பைத் திருப்பிக் கட்டும் வழி. ஒன்றுக்கு மற்றது தேவையில்லை. வயிற்றுத் திசுவால் மீளமைக்கப்பட்ட பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ரோபோ தொடவே இல்லை. வைத்தியரின் கைதான் மார்பகத்தை எடுத்தது. ரோபோ உங்களுக்குத் தருவது சிறிய, மறைவான ஒரு வடு. இன்னும் முப்பது ஆண்டுகள் உங்களோடு வாழப் போகிற மார்பைத் தருவது வயிறும், அதைத் தைக்கிற கையும், முதல் இரண்டு இரவுகள் அதைப் பார்த்துக்கொள்கிற கண்ணும். காசு அனுப்புகிற அக்காவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. மார்பகத்தை முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா? "வேண்டி வரலாம்" என்றுதானே வைத்தியர் சொல்லியிருக்கிறார். கட்டி சிறிதாக, ஒரே இடத்தில் இருந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்து, பிறகு கதிர்ச்சிகிச்சை கொடுப்பார்கள். இப்படிச் செய்த பெண்களும் முழுதாக எடுத்த பெண்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை அமெரிக்காவிலும் மிலானிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இரண்டும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டவை. முழுதாக எடுத்தால்தான் உயிர் தப்பும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்தப் பயத்தால் தேவையில்லாமல் மார்பகத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். கட்டி பெரிதாக இருந்தால், அல்லது பல இடங்களில் இருந்தால், அல்லது முன்னரே அந்தப் பக்கம் கதிர்ச்சிகிச்சை பெற்றிருந்தால் கதை வேறு. சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு எடுப்பார்கள். அதனால் உங்கள் திசு அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹோர்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும், ஆக மூன்றும் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எது முன்னால், எது பின்னால் என்பதை அவை பெரும்பாலும் தீர்மானிக்கும்.

முழுதாக எடுக்க வேண்டும் என்றே முடிவானால், இனி ரோபோ.

இயந்திரம் தானாக வெட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். வைத்தியர் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேசையில் இருந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைக்கிறார். அந்த அசைவை மெல்லிய கருவிகள் உடம்புக்குள் செய்கின்றன. அக்குளுக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும் இடத்தில் 3 முதல் 6 செ.மீ. வரை ஒரு வெட்டு. அதன் வழியே காபனீரொட்சைட்டு வாயுவை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, உள்ளே இடம் உண்டாக்கி, மார்பகத் திசுவைத் தோலிலிருந்தும் கீழே உள்ள தசையிலிருந்தும் பிரித்து வெளியே எடுக்கிறார்கள். தோலும் காம்பும் அப்படியே இருக்கும். அக்குளில் உள்ள முதல் நிணநீர்க் கணுவைச் சோதனைக்கு எடுப்பதும் அதே வெட்டு வழியே முடியும். மிலானில் உள்ள ஐரோப்பியப் புற்றுநோய் நிறுவனத்தில் அந்தோனியோ தோயெஸ்காவும் அவரது குழுவினரும் 2010களின் நடுவில் தொடங்கி வைத்த முறை இது. கொரியாவிலும் தாய்வானிலும் நிறையச் செய்கிறார்கள்.

2021 இல் மிலான் குழுவினர் 80 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரோபோவாலும் மற்றப் பிரிவுக்குக் கையாலும் செய்து ஒப்பிட்டு வெளியிட்டார்கள். சிக்கல்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ரோபோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் மார்பைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். அந்தத் திருப்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். கண்ணாடி முன் நிற்கப் போவது அவர்கள்தானே. ஆனால் வருத்தம் திரும்பி வருமா, எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பதற்கு 80 பேர் போதாது. 2018 இல் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சிறு துளை வழியாகவும் ரோபோவாலும் சத்திரசிகிச்சை பெற்ற பெண்கள், வயிற்றைத் திறந்து செய்த பெண்களை விடக் குறைவாகவே உயிர் பிழைத்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எல்லோரும் அதிர்ந்துபோனோம். அடுத்த பெப்ரவரியில், 2019 இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்பகத்தை எடுக்க ரோபோவைப் பயன்படுத்துவதன் பாதுகாப்பு நிலைநாட்டப்படவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தது. மார்பகமும் கர்ப்பப்பையும் ஒன்றல்லத்தான். ஆனாலும் சிறிய வெட்டு என்பது எப்போதும் நல்ல வெட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்பித்தது.

காம்பையும் தோலையும் வைத்து எடுப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி காம்புக்கு மிக அருகில் இருந்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, தோலில் வருத்தம் பிடித்திருந்தாலோ காம்பை விட்டுவைக்கக் கூடாது. காம்புக்குப் பின்னால் உள்ள திசுவை மேசையிலேயே எடுத்துச் சோதிப்பார்கள். மார்பகம் மிகப் பெரிதாகவோ தொங்கியோ இருந்தாலும் சிரமம், ஏனென்றால் நீளமான தோலின் நுனிக்கு இரத்தம் போய்ச் சேராமல் காம்பு கறுத்துவிடும்.

இப்போது அக்காவுக்குத் தெரியாத ஒன்று. ரோபோவால் எடுக்கப்பட்ட மார்பகங்களில் பெரும்பாலும் சிலிக்கன் பைதான் வைக்கப்படுகிறது. காரணம் எளிது. பையை அக்குள் வெட்டு வழியே உள்ளே தள்ளிவிடலாம். வயிற்றுத் திசுவை அப்படித் தள்ளிவிட முடியாது. அதற்கு இரத்தக் குழாய் பொருத்த வேண்டும். அதற்கு ஏற்ற நல்ல குழாய்கள் இருப்பது நெஞ்செலும்பின் ஓரத்தில், விலா எலும்பின் குருத்துக்குக் கீழே. அக்குளிலிருந்து அது வெகு தூரம். அதனால் ஒன்றில் மார்பின் உட்பக்கத்தில் இன்னொரு சிறு வெட்டுப் போடுகிறார்கள். அல்லது அக்குள் பக்கத்தில் முதுகுத் தசைக்குப் போகும் குழாயோடு இணைக்கிறார்கள். முதல் வழியில் "மார்பில் வடுவே இருக்காது" என்ற வாக்குறுதி அடிபட்டுப் போகிறது. இரண்டாவது வழியில் மார்பு சற்று வெளிப்பக்கம் சரிந்து உட்காரலாம். இதைச் செய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாராவது உங்களிடம் "ரோபோவும் வயிற்றுத் திசுவும் சேர்த்துச் செய்கிறோம்" என்றால், எந்தக் குழாயோடு இணைப்பீர்கள், வெட்டு எங்கே வரும், இப்படி இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ரோபோவால் எடுத்த பெண்களின் தொகையைச் சொன்னால் போதாது. இரண்டையும் சேர்த்துச் செய்த தொகை வேண்டும்.

வயிற்றுத் திசு என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது, தொப்புளுக்குக் கீழே சேலைக்கட்டு நிற்கிற இடத்தில் உள்ள தோலும் கொழுப்பும். வைத்தியர்கள் 'ஃபிளாப்' என்பார்கள். நான் மடல் என்று எழுதுகிறேன். 1982 இல் அமெரிக்க வைத்தியர் கார்ல் ஹார்ட்ராம்ப் இந்த மடலை வயிற்றுத் தசையோடு சேர்த்து மேலே கொண்டுவந்தார். மார்பு வந்தது, ஆனால் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டுப் பலருக்குக் குடல் பிதுங்கியது. பிறகு 1989 இல் ஜப்பானில் கொஷிமாவும் சோயெடாவும் தசையை விட்டுவிட்டு, தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் மெல்லிய இரத்தக் குழாய்களை மட்டும் பிரித்தெடுத்தாலும் மடல் பிழைக்கும் என்று காட்டினார்கள். 1994 இல் அமெரிக்காவில் ரொபேர்ட் அலன் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்ததை வெளியிட்டார். இன்று 'டீப்' மடல் என்று சொல்லப்படுவது அதுதான். தசை வயிற்றிலேயே இருக்கும். மடல் முழுவதையும் உடம்பிலிருந்து துண்டித்து, நெஞ்சுக்குக் கொண்டுபோய், 2 முதல் 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடியையும் (இரத்தம் கொண்டுவரும் குழாய்) நாளத்தையும் (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) நுணுக்குக்காட்டிக்குக் கீழே, தலைமயிரை விட மெல்லிய நூலால் தைப்பார்கள். கவ்விகளை எடுத்ததும், சாம்பல் நிறமாகக் கிடந்த சதை விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கணத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் யாரும் பேச மாட்டோம். 19 ஆண்டுகளிலும் அது எனக்குப் பழகவில்லை.

ரோபோவுக்கு இங்கேயும் ஒரு வேலை உண்டு. மடலின் இரத்தக் குழாயை வேர் வரை பிரித்தெடுக்க வயிற்றுத் தசையின் உறையைக் கீழ்நோக்கி நீளமாக வெட்ட வேண்டும். சில இடங்களில் ரோபோவை வயிற்றுக்குள் விட்டு, பின்பக்கமாக இருந்து குழாயை உரித்தெடுக்கிறார்கள். அப்போது உறையில் வெட்டு சில செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. குழாய் தசைக்குள் குறைந்த தூரம் ஓடுகிற பெண்களுக்கே இது ஏற்றது. முன்கூட்டியே எடுக்கும் சீ.ரி. ஸ்கானில் குழாய்களின் பாதை தெரியும். என்னைக் கேட்டால், ரோபோ உண்மையில் உபகாரம் செய்யக்கூடிய இடம் மார்பை விட வயிறுதான். பின்னாளில் குடல் பிதுங்காமல் இருப்பது, அக்குளில் இரண்டு செ.மீ. வடு குறைவதை விடப் பெரிய காரியம்.

சத்திரசிகிச்சைக்கு ஒரு பக்கமென்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் பிடிக்கும். தேர்ந்த இடங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று மடல்கள் முழுதாகச் செத்துப் போகும். அதை விடக் கூடுதலானவர்களை அவசரமாகத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுபோய்த் தையலைத் திறந்து பார்க்க நேரிடும். சிக்கல் வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். நாங்கள் முதல் நாள் ஒவ்வொரு மணிக்கும் பார்ப்போம். நிறம் என்ன, சூடு இருக்கிறதா, விரலால் அழுத்திவிட்டால் எத்தனை விநாடியில் நிறம் திரும்புகிறது, இரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்க வைக்கும் டொப்ளர் பேனாவை வைத்தால் 'உஷ் உஷ்' என்ற ஓசை வருகிறதா. வெளிறிக் குளிர்ந்தால் நாடி அடைபட்டிருக்கிறது. நீலம் பாரித்து வீங்கி, அழுத்தியதும் கண் இமைக்குமுன் நிறம் திரும்பினால் நாளம் அடைபட்டிருக்கிறது. ஓர் இரவு, நான் வேலை செய்த இடத்தில், நாலரை மணிக்குச் சரியாக இருந்த மடல் ஐந்தரைக்கு ஊதா நிறமாக இருந்தது. பயிற்சி வைத்தியர் விடியட்டும் என்றார். நான் விடவில்லை, பெரிய வைத்தியரை வீட்டிலிருந்து எழுப்பினேன். நாளம் மடிந்து கிடந்தது. நிமிர்த்தித் தைத்தார்கள், மடல் பிழைத்தது. விடிந்த பிறகு பார்த்திருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். காம்பையும் தோலையும் முழுதாக வைத்துச் செய்யும்போது மடல் உள்ளே புதைந்துவிடும், கண்ணால் பார்க்க முடியாது. அதற்காக மடலின் சிறு தோல் துண்டொன்றை வெளியே தெரியும்படி விடுவார்கள், அல்லது நாளத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கம்பி வைப்பார்கள். உங்கள் இடத்தில் எதைச் செய்வார்கள் என்றும், இரவில் மடலைப் பார்க்கப் பழகிய தாதி இருப்பாரா, அதிகாலை மூன்று மணிக்குக் கூடம் திறக்குமா என்றும் கேளுங்கள். எந்த ரோபோவைப் பற்றிக் கேட்பதை விடவும் இந்தக் கேள்வி பெரிது.

சிலிக்கன் பையோடு ஒப்பிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும். பை வைப்பது சிறிய சத்திரசிகிச்சை, விரைவில் வீட்டுக்கு வரலாம். மெலிந்த உடம்புக்கும், நீண்ட மயக்கத்தைத் தாங்க முடியாதவருக்கும் அது நல்ல வழி. ஆனால் அது ஆயுளுக்கும் நிற்பதில்லை, இடையிடையே சோதித்துப் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டி வரும். கதிர்ச்சிகிச்சை பட்டால் பையைச் சுற்றி உடம்பு இறுகிக் கல்லாகிவிடுவதும் நடக்கும். மேற்பரப்புச் சொரசொரப்பான ஒரு வகைப் பை அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் 2019 இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. வயிற்றுத் திசுவோ உங்கள் சதை. நீங்கள் பருத்தால் அதுவும் பருக்கும், மெலிந்தால் மெலியும், மற்ற மார்போடு சேர்ந்தே முதுமை அடையும். தொட்டால் சூடாக இருக்கும்.

ஆனால் தொடுவது உங்களுக்குத் தெரியாது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது, அதனால் நான் சொல்கிறேன். தோலும் காம்பும் அப்படியே இருந்தாலும் அவற்றுக்குப் போகும் நரம்புகள் அறுபட்டிருக்கும். பார்வைக்கு மார்பு, உணர்வுக்கு மரத்த இடம். ஆண்டுகள் போகக் கொஞ்சம் உணர்வு திரும்பும், பழையபடி வராது. தொப்புளுக்குக் கீழே வயிறும் மரத்திருக்கும். நம் வீடுகளில் வலி என்றால் ஒத்தடம் கொடுப்போம், உப்பையோ மணலையோ வறுத்துத் துணியில் முடிந்து. மடல் மேலும் அந்த வயிற்றின் மேலும் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். சுடுதண்ணீர்ப் பையும் அப்படித்தான்.

இனி உங்கள் முடிவையே மாற்றக்கூடிய விடயம், கதிர்ச்சிகிச்சை. அக்குள் கணுக்கள் பலவற்றில் வருத்தம் இருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ, மார்பகத்தை எடுத்த பிறகும் நெஞ்சுக்குக் கதிர் கொடுப்பார்கள். புது மடலின் மேல் கதிர் பட்டால் அது சுருங்கி இறுகலாம். அதனால் பல வைத்தியர்கள் முதலில் மார்பகத்தை எடுத்து, கீமோவையும் கதிரையும் முடித்து, ஆறு மாதம் முதல் ஓராண்டு விட்டு, பிறகு வயிற்றுத் திசுவால் மீளமைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யும்போது தோல் பெரும்பாலும் வயிற்றிலிருந்துதான் வரும். மார்பில் வடு எப்படியும் இருக்கும். அக்குளில் மறைந்த சிறு வெட்டுக்காக ரோபோவைத் தேடிப் போவதில் அப்போது பொருளே இல்லை. உங்களுக்குக் கதிர் தேவைப்படுமா என்று தெரியுமுன் சென்னைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். காத்திருந்து செய்வதால் மீளமைக்கும் வாய்ப்பை இழந்துவிட மாட்டீர்கள். ஐந்து, பத்து ஆண்டு கழித்துச் செய்தவர்களும் உண்டு. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை காத்திருக்காது. மீளமைத்த காயம் ஆறாமல் கீமோ தள்ளிப்போவதுதான் நான் மிகவும் அஞ்சுவது.

உங்கள் வயிறு ஏற்றதா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குக் கீழ்வயிற்றில் குறுக்காக வெட்டிய வடு பெரும்பாலும் தடையில்லை. வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக்காக வெட்டிய நீண்ட வடு இருந்தால் சொல்லிவிடுங்கள். வயிற்றுச் சதையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை முன்னர் செய்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். வயிற்றை ஒரு முறைதான் இதற்குப் பயன்படுத்தலாம். இரண்டாம் முறை எடுக்க அங்கே எதுவும் இருக்காது. மெலிந்தவர்களுக்குத் தொடையின் உட்பக்கத்திலிருந்தோ முதுகுத் தசையிலிருந்தோ எடுப்பார்கள். முதுகுத் தசை மடல் 1906 ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் தன்சினி விவரித்த பழைய, நம்பகமான வழி. நுண்குழாய்த் தையல் தேவையில்லாததால், வசதி குறைந்த இடத்திலும் பாதுகாப்பாகச் செய்யலாம். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசை தொடங்கியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது இரத்தத்தை உறைய வைக்கக் கூடியது, சில வாரங்கள் நிறுத்தச் சொல்வார்கள். புகையிலை பற்றியும் கேட்பார்கள். நம் பெண்கள் புகைப்பதில்லை என்று உடனே தலையாட்டிவிடுவோம்; ஆனால் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை போடுகிறவர்கள் எத்தனை பேர்! நிக்கொட்டின் எந்த வழியாகப் போனாலும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

வருத்தம் திரும்பினால் மறைந்து போகுமா என்று கேட்டீர்கள். மீளமைப்பதால் வருத்தம் திரும்பும் வாய்ப்புக் கூடுவதில்லை. திரும்பினால் பெரும்பாலும் தோலிலும் தோலுக்குச் சற்றுக் கீழேயும்தான் வரும், அது மடலுக்கு மேற்பக்கம், கைக்குத் தட்டுப்படும். மாதந்தோறும் நீங்களே தடவிப் பாருங்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்து வையுங்கள். மடலின் ஓரத்தில் இரத்தம் போதாத கொழுப்பு செத்துக் கட்டியாக இறுகுவது உண்டு. அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் அல்ல என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஸ்கான் எடுத்து, தேவையானால் ஊசியால் திசுவும் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கே போவது? உங்கள் வீட்டிலிருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் தெல்லிப்பழை பக்கம்தான். 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து திரட்டிய பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த நடை அது; அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது. அங்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உள்ள வைத்தியர்களிடம் முதலில் நேரடியாகக் கேளுங்கள்: மீளமைப்பதாக இருந்தால் எனக்கு எது ஏற்றது, அதை யார் செய்வார், எப்போது? கேட்க வெட்கப்படாதீர்கள். நாம் கேட்காததால், எங்கள் பெண்களுக்கு இது தேவையில்லை என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். சென்னைதான் என்றால், பலாலியிலிருந்து பறப்பு குறுகியதே. ஆனால் திரும்பி வர அவசரப்படக் கூடாது. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து முதல் வாரங்களில் அதிகம். குறைந்தது இரண்டு மூன்று வாரம் அங்கே தங்க வேண்டி வரும். சத்திரசிகிச்சைக் குறிப்பு, திசு அறிக்கை எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன், இங்கே காயம் பிரிந்தால் யார் பார்ப்பார் என்பதை இங்குள்ள வைத்தியரோடு பேசி வையுங்கள். சொல்லாமல் போய்விட்டு, சீழ் பிடித்த பிறகு வந்து நிற்பது இரு பக்கத்துக்கும் கஷ்டம்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். உயிர்தான் முதல் என்பதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. அழகு எதற்கு என்பதில் நான் உடன்பட மாட்டேன். மார்பகத்தை எடுத்த பெண் ஒருவர் என்னிடம் சொன்னார், கிணற்றடியில் குறுக்குக்கட்டுக் கட்டினால் இடது பக்கம் நழுவி நழுவி விழுகிறது, அதனால் நாலு மணிக்கு எழும்பி யாரும் இல்லாதபோது குளிக்கிறேன் என்று. அதற்கு அழகு என்றா பெயர்? சட்டைக்குள் பஞ்சு விலகிவிடுமோ என்று கரும்பலகைக்குத் திரும்பும்போதெல்லாம் கையால் தடவிப் பார்ப்பதற்கு என்ன பெயர்? அதே வேளை, மீளமைக்காமல் நெஞ்சைத் தட்டையாக, சீராகத் தைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிற பெண்களும் ஏராளம். நீண்ட சத்திரசிகிச்சை வேண்டாம், உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கன் மார்பு போதும் என்பதும் முழுமையான ஒரு முடிவுதான். அதை எடுக்க வேண்டியவர் நீங்கள். அக்காவின் காசும் அம்மாவின் பயமும் அதை எடுக்கக் கூடாது.

செய்துகொண்டால், முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. வயிறு இழுத்துத் தைக்கப்பட்டிருக்கும், கூனி நடப்பீர்கள். மார்பிலும் வயிற்றிலும் நீர் வடியும் குழாய்கள் இருக்கும், அவற்றோடே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஆறு வாரம் தண்ணீர் வாளி தூக்கவோ, குந்தியிருந்து தேங்காய் துருவவோ, உரலில் இடிக்கவோ கூடாது. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கள். வயிற்றுப் பட்டி நம் வெயிலில் பெரும் தொல்லை. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டால் தாங்கலாம். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்த யாரையும் விடாதீர்கள். காயம் ஆறுவது புரதத்தால்தான். மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாம் வேளைக்கு வேளை சாப்பிடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு, கீமோவோ கதிரோ இல்லாவிட்டால், இரண்டு மாதத்துக்குப் பிறகு போகலாம். இருந்தால் அவற்றின் கணக்கு வேறு. சிக்கல் இடது பக்கம் என்பதால் வலக்கையால் எழுதுவதற்குத் தடை இருக்காது. இடது தோளுக்கு, வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து, சுவரில் விரல்களை வைத்து மேலே மேலே ஏற்றும் பயிற்சியை நாளுக்கு மூன்று முறை செய்யுங்கள். அடுத்த கிளினிக் எந்த நாள் என்று எழுதியனுப்புங்கள். கொக்குவிலில்தான் இருக்கிறேன், கூட வருவேன்.